பின்னால் வந்த கப்பல்

அன்புள்ள தம்பிக்கு,

உன் புத்தகம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூரியரில் வந்தது. கடையில் அப்போது யாரும் இல்லை. உறையைக் கிழித்து, அட்டையில் இருந்த பாய்மரக் கப்பலைப் பார்த்து, கீழே அச்சாகியிருந்த உன் பெயரை ஒரு தடவை விரலால் தடவிவிட்டு, நேராகச் சமர்ப்பணப் பக்கத்தைத்தான் புரட்டினேன். மகன் புத்தகம் எழுதியிருக்கிறானே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதில் என் பெயர் இருக்கிறதா என்று தேடிய அப்பன் நான். இருக்கவில்லை. ‘வஸ்தோக்கைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, சொல்லாமல் போன என் மாமாவுக்கு’ என்று போட்டிருந்தாய். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்த இடத்துக்குப் போனேன். இரண்டு நூலகர்கள், ருஷ்ய மொழி சொல்லிக்கொடுத்த ஒரு அம்மா, மடிக்கணினி கடன் கொடுத்த ஒரு நண்பன், எல்லோரும் ஆளுக்கு இரண்டு வரி வாங்கியிருந்தார்கள். அதற்கும் கீழே, ‘அப்பா, அம்மாவுக்கும்.’ அவ்வளவுதான். அந்த ‘உம்’மை நான் நாலு தடவை வாசித்தேன்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வயது அறுபத்தி மூன்று ஆகிறது, சர்க்கரை இருக்கிறது, முட்டி வலிக்கிறது, இதெல்லாம் வந்த பிறகும் பொறாமை மட்டும் போகவில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பிள்ளைக்குப் புத்திமதி எழுதுவது உலக வழக்கம். நான் எழுதப்போவதில் புத்திமதி கொஞ்சமும் ஒப்புக்கொள்வது அதிகமுமாக இருக்கும். ஏனென்றால் அந்தச் சமர்ப்பணத்தில் ஒரு பொய் இருக்கிறது. அது உன் பொய் இல்லை, நான் உனக்குச் சொன்னது. பதினாறு வருஷமாக நம் வீட்டுக்குள் கிடந்தது, இப்போது அச்சில் ஏறிவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் கடைக் கல்லாப் பக்கத்திலிருந்து நீ அதைப் பார்த்ததில்லை. நம்முடையது கப்பல் சப்ளைக் கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு முட்டைக்கோஸ், முட்டை, கறி, அரிசி, குடிதண்ணீர் என்று கேட்டதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். நான் கடையில் உட்கார்ந்து சாமான் வாங்கிப் பிரித்துக் கட்டுவேன். கப்பலில் ஏறுகிறவன் உன் மாமா. அவன் உன் அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மச்சினன், கடைக்கு வந்தபோது இருபத்தைந்து வயது. அவனுக்கு இங்கிலீஷும் தெரியாது, வேறு எந்தப் பாஷையும் தெரியாது. ஆனால் ஏணியில் ஏறி மேலே போனால் பத்து நிமிஷத்தில் சமையல்காரனோடு சிரித்துக்கொண்டிருப்பான். இறங்கும்போது கையில் ஏதாவது இருக்கும். ஒரு சாக்லேட், ஒரு தொப்பி, வேற்று நாட்டுச் சோப்பு. எல்லாம் உனக்கு. நான் சாயங்காலம் கடை அடைத்துவிட்டு உனக்கு வாங்கி வருகிற முறுக்கு அந்தச் சாமான்களுக்குப் பக்கத்தில் எந்த மூலைக்கு வரும், சொல்லு.

அப்படித்தான் ஒரு தை மாதம் ருஷ்யக் கப்பல் ஒன்றிலிருந்து அந்தக் காலண்டரைக் கொண்டுவந்தான். பனிக்கட்டி மலைகளுக்கு நடுவில் இரண்டு பாய்மரக் கப்பல், ஒன்று முன்னால், ஒன்று கொஞ்சம் தள்ளிப் பின்னால். கடையில் நம் மளிகைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கிய ஆணியிலேயே அதற்கு மேலாக மாட்டினான். நீ அப்போது ஆறாவது படித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் நின்றாய். அடியில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து நோட்டில் வரைந்து, பள்ளிக்கூடக் கணினியில் தேடி, மறுநாள் வந்து சொன்னாய். “மாமா, முன்னால போறது வஸ்தோக். பின்னால வாரது மீர்னி. ரெண்டும் ருஷ்யாவுல கட்டுன கடற்படைக் கப்பல். இருநூறு வருசத்துக்கு முந்தி தெற்க, பூமி முடியுத எடம் வரைக்கும் போயிருக்கு.” எனக்கும் கேட்டது, நான் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீ “மாமா” என்றுதான் ஆரம்பித்தாய்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடையின் பின்கட்டில் இரண்டு பேருக்கும் அதே பேச்சு. நீ வாசித்துச் சொல்வாய். அவனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் சின்ன வயதில் தோணியில் மாலத்தீவு வரை போய் வந்தவன், காற்றும் பாயும் தெரியும். நீ ஒன்று வாசித்தால் அவன் ஒன்று கேட்பான். “காத்து எதிர்க்க அடிச்சா என்னல பண்ணுனான்?” என்பான். நீ மறுநாள் தேடிக்கொண்டு வருவாய். வஸ்தோக் என்றால் கிழக்கு என்று அர்த்தம், மீர்னி என்றால் அமைதியானது. ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பதில் கிளம்பி, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியது. பனிமூட்டத்தில் ஒன்றையொன்று தொலைத்துவிடாமல் இருக்கப் பீரங்கி வெடித்துக்கொண்டே போனார்கள். சிட்னியில் ஒரு கங்காருவையும் ஒரு கூட்டம் கிளிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். கங்காரு கப்பல் மேல்தளத்தில் மாலுமிகளோடு விளையாடியது என்று நீ சொன்ன அன்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நம் கடல் பக்கம் அது வந்ததா என்று கேட்டான். வரவில்லை என்றாய். “வந்திருந்தா முத்தாவது பாத்திருப்பான். வெறும் பனிக்கட்டியப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனான்” என்றான். நான் தராசுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது என்னையும் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தாலும் வேலை இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

ஒரே ஒரு நாள் கூப்பிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியாது. வஸ்தோக்கில் குடிதண்ணீர் தீர்ந்தபோது, மிதந்து வந்த பனிக்கட்டியை உடைத்து மூட்டையில் ஏற்றி உருக்கிக் குடித்தார்கள் என்று வாசித்தாய். கடலில் கிடக்கிற கட்டி எப்படி இனிக்கும் என்று உனக்கும் மாமாவுக்கும் சண்டை. அவனுக்குப் பதில் தெரியவில்லை. நீ ஓடி வந்து, “அப்பா, நீங்கதான கப்பலுக்குத் தண்ணி குடுக்கீக. ஒரு பீப்பாத் தண்ணி எத்தன நாளு கெடாம இருக்கும்?” என்று கேட்டாய். முப்பது வருஷம் கப்பலுக்குத் தண்ணீர் ஊற்றியவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. எனக்குப் பதில் தெரியும். மரப் பீப்பாயில் எத்தனை நாளில் பாசி பிடிக்கும், இரும்பில் எத்தனை நாள், எதைப் போட்டால் வாடை போகும், ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ஆனால் அவனிடம் கேட்டு, அவனுக்குத் தெரியாமல் போன பிறகு என்னிடம் வந்தாயே என்று ரோஷம் வந்தது. “போய்ப் பாடத்தப் படில” என்றேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எலுமிச்சம்பழம் எண்ணினேன்.

உன் புத்தகத்தில் சாப்பாட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. புளித்த முட்டைக்கோஸ், எலுமிச்சை, உப்புக்கண்டம் என்று எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். ஆனால் அதைக் கரையிலிருந்து கொண்டுபோய்ப் போட்டவன் எங்கே? தென்துருவப் பக்கம் போய் வந்த கேப்டனுக்கு எத்தனை பக்கம், பழம் அழுகாமல் பார்த்துக் கட்டிக்கொடுத்த கடைக்காரனுக்கு ஒரு வரி கிடையாது. இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாதே. குறைதான், ஆனாலும் எடுத்துக்கொள்ளாதே.

பிறகு நீ பேர் வைக்க ஆரம்பித்தாய். மாமா வஸ்தோக், அப்பா மீர்னி. வஸ்தோக் வேகமான கப்பல், பாய் நிறையக் கட்டியது, தலைமைக் கேப்டன் அதில்தான் இருந்தார். மீர்னி சரக்குக் கப்பலாக இருந்ததை மாற்றிக் கட்டியது, கனம், மெதுவாகத்தான் வரும், எப்போதும் பின்னால். அவன் வண்டியில் உன்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போவான், நான் பின்னால் சைக்கிளில் மூட்டையோடு வருவேன். “மீர்னி வருது, மீர்னி வருது” என்று நீ திரும்பிப் பார்த்துக் கத்துவாய். பஜாரில் நாலு பேர் இது என்ன பட்டப்பேர் என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. பெற்ற பிள்ளை தன்னை மந்தமான கப்பல் என்கிறான் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன், பதினாறு வருஷமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் நீ பார்த்தது நடந்தது இல்லை. ஆவணி மாதம் ஒரு கப்பலுக்குப் பெரிய சப்ளை வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை சாமான் ஏற வேண்டும், வெள்ளி விடிய கப்பல் கிளம்பும் என்று ஃபோனில் சொன்னார்கள். ஃபோனை எடுத்தது நான். தேதி பார்க்கத் தலையைத் தூக்கினேன். எதிரில் தொங்கியது அந்த ருஷ்யக் காலண்டர். நம் காலண்டர் அதன் அடியில் மறைந்து கிடந்தது. அந்த ருஷ்ய எழுத்து படிக்கத் தெரியாது, கட்டம் எண்ணத் தெரியும். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று விரல் வைத்து ஐந்தாவது கட்டத்துத் தேதியைச் சீட்டில் எழுதினேன், பதினேழு. அவர்கள் ஊரில் வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. ஐந்தாவது கட்டம் வெள்ளி. கடைசி இரண்டு கட்டமும் சிவப்பாக இருந்ததையாவது நான் யோசித்திருக்கலாம். அவர்களுக்கு வெள்ளியும் சனியும் லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சீட்டுப்படிதான் சந்தையில் சொன்னேன், அந்தச் சீட்டுப்படிதான் மாமா பதினேழாம் தேதி வேன் நிறையச் சாமானோடு துறைமுகத்துக்குப் போனான். கப்பல் இல்லை. பாலும் பழமும் காலிஃபிளவருமாகத் திரும்பி வந்தான். அன்று உனக்குப் பள்ளிக்கூடம் லீவு, கடையில் இருந்தாய். அவன் உள்ளே வருவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஃபோனில் ஏற்கெனவே ஏச்சு வாங்கியிருந்தேன். மளிகைக்காரர் காலண்டரைத் தூக்கிப் பார்த்து, எங்கே தப்பு என்றும் கண்டுபிடித்திருந்தேன். சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, உன் முன்னால் அவனைப் பார்த்துச் சொன்னேன். “படத்துல இருக்க கப்பலையே பாத்துக்கிட்டு அலைஞ்சா, தண்ணியில கெடக்க கப்பல் போகத்தான் செய்யும். கெழம கூடவா மறந்துபோவும்?”

அவன் பதில் பேச வாய் எடுத்தான். பிறகு சுவரைப் பார்த்தான். காலண்டர் பக்கத்தில் போய், பதினேழின் மேல் விரலை வைத்து, அப்படியே மேலே கொண்டுபோனான். அவனுக்கு அந்தக் காலண்டரில் கிழமை பார்க்கத் தெரியும், நீதான் சொல்லிக்கொடுத்திருந்தாய். திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு உன்னைப் பார்த்தான். விரலை எடுத்துவிட்டு, “தப்புதான் அத்தான்” என்றான். நீ அவனைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் இருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது, தம்பி. ஒரு மத்தியானமாவது வஸ்தோக் தோற்க வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து கடைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடை அடைக்கிற நேரம், தோளில் ஒரு துணிப்பையோடு வந்தான். கொச்சித் துறைமுகத்தில் வேலை, சாயங்காலம் பஸ் என்றான். “பயல் எங்க? சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.” நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நாலு மணிக்கு வருவான், உட்காரு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் ஒரு மரக்கப்பலை எடுத்து என் கையில் கொடுத்தான். கப்பலில் சரக்குக்கு முட்டுக்கொடுக்கிற பைன் பலகையில் செதுக்கி, கொசுவலைத் துணியில் பாய் கட்டிய வஸ்தோக். “இத அவன்ட்ட குடுத்திருங்க” என்றான். பிறகு குனிந்து பையில் மறுபடியும் கையை விட்டான். சமாதானம் பேச எனக்கும் ஏதோ சோப்பு, சாக்லேட் எடுக்கிறான் என்று நினைத்தேன். வந்த கோபத்தில் ஷட்டரைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் வெளியில், நான் கப்பலோடு உள்ளே. கொஞ்ச நேரம் அவன் நிழல் ஷட்டருக்கு அடியில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கப்பலைச் சாக்கில் சுற்றி, சரக்கு வைக்கிற கிட்டங்கியின் பரணில், பழைய தராசுத் தட்டுக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் நீ வந்து மாமா எங்கே என்று கேட்டாய். “ஊருக்குப் போயிட்டான். ஒருத்தர்ட்டயும் சொல்லல” என்றேன். நீ அழவில்லை. காலண்டரைக் கழற்றி மடித்து உன் பைக்குள் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அம்மா எத்தனை தடவை ஃபோனை நீட்டினாலும் நீ அவனோடு பேசவில்லை. அவன் மூன்று வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்து, நம் ஊர்ப் பக்கத்திலேயே மாப்பிள்ளையூரணியில் வீடு எடுத்தபோது நீ சென்னையில் இருந்தாய். லீவுக்கு வந்தபோதும் போகவில்லை. உன் புத்தகத்தை வாசிக்கிறவர்கள், சின்னப் பையனாக இருக்கும்போது ஒருத்தர் விட்டுவிட்டுப் போன வருத்தம் என்று அந்தச் சமர்ப்பணத்தைப் பற்றி நினைப்பார்கள். விட்டுவிட்டுப் போனவன் இல்லை அவன், ஷட்டருக்கு வெளியில் நிறுத்தப்பட்டவன். நிறுத்தியது நான்.

புத்தகத்தை மூன்று நாளில் வாசித்து முடித்தேன். கப்பல் பேர் ஞாபகம் இருக்கிறது, கேப்டன்கள் பேர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் எழுபதாவது பக்கத்துக்கு மேல் எனக்குக் கெட்ட சந்தோஷம் வர ஆரம்பித்தது. வஸ்தோக் ஈரம் காயாத பைன் மரத்தில் கட்டியது என்று எழுதியிருக்கிறாய். கடலில் குலுங்கக் குலுங்க மூட்டுகள் விட்டு, தண்ணீர் ஒழுகி, சிட்னியில் நிறுத்திச் செப்பனிட்டு, பாரம் தாங்காமல் சில பீரங்கிகளைக் கழற்றி அடித்தளத்தில் இறக்கி, அப்படியும் ஒழுக்கு நிற்காமல், கடைசியில் அதனால்தான் சீக்கிரம் திரும்ப வேண்டி வந்தது என்று எழுதியிருக்கிறாய். மந்தம், மந்தம் என்ற மீர்னிக்கு அடிப்பாகம் கெட்டி. இரண்டு வருஷமும் அசையாமல் வந்தது. ஊர் திரும்பிய ஏழு வருஷத்தில் வஸ்தோக்கை உடைத்துப் போட்டார்கள், மீர்னி அதற்குப் பிறகும் ஓடியது. நான் கடையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பார்த்தாயா, யார் கெட்டி என்று பார்த்தாயா, என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டேன். உன் அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்தவள், “என்னத்துக்கு ஒத்தையில சிரிக்கீக?” என்றாள். புத்தகத்தை மூடிவிட்டுத் தூக்கைத் திறந்தேன்.

அந்தச் சிரிப்பு பத்துப் பக்கம்கூட நிற்கவில்லை. மீர்னி எப்படிக் கூடவே வந்தது என்று நீ எழுதிய இடம் வந்தது. மீர்னியில் இருந்த கேப்டன் இருக்கிற பாயை எல்லாம் விரித்து, மரம் முறிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறார். இப்படிப் பொருந்தாத இரண்டு கப்பலைச் சேர்த்து அனுப்பினார்களே என்று பிற்பாடு குறைப்பட்டும் இருக்கிறார். அவர் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் முன்னால் போன வஸ்தோக் என்ன செய்தது? பாயைச் சுருட்டிக்கொண்டு, காற்று இருந்தும் போகாமல், திரும்பத் திரும்பக் காத்து நின்றது. போகத் தெரிந்தவன் போகாமல் நின்றான். உன் மாமாவுக்கு நம் கடையில் இருந்த பதினொரு வருஷத்தில் எத்தனை கப்பலில் வேலைக்குக் கூப்பிட்டார்கள் தெரியுமா? சமையற்கட்டு வேலை, தளத்து வேலை, சிங்கப்பூர் வரை. “அத்தான் ஒத்தையில கடையப் பாக்க முடியாது” என்று போகாமல் இருந்தான். அதை நான் அவனுடைய சோம்பல் என்று சொல்லிவைத்திருந்தேன். காலண்டரில் விரலை வைத்துவிட்டு எடுத்தானே, அப்போதும் பாயைத்தான் சுருட்டினான். பிள்ளை முன்னால் அப்பன் குறுகிவிடக் கூடாது என்று நின்றான்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற பிள்ளை உன்னைவிடச் சுறுசுறுப்பு, உன்னைவிட முன்னால் போகிறவள் என்று அம்மா சொல்கிறாள். நல்லது. சில வருஷம் அவள் முன்னால் போவாள், சில வருஷம் நீ போவாய். பின்னால் வருகிற நாளில் உனக்கு எரியும், உன் உடம்பில் என் ரத்தம் ஓடுகிறது, எரியாமல் இருக்காது. அன்றைக்கே வாயைத் திறந்து எரிகிறது என்று சொல்லிவிடு. நான் சொல்லாமல் உள்ளே வைத்துத்தான் என் தப்பை அவன் தலையில் போட்டேன். முன்னால் போகிற நாளில் திரும்பிப் பார். இதற்கு மேல் எனக்குப் புத்திமதி தெரியாது.

இப்போது கல்யாண விஷயம். நீ மாமாவுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். அவன் வரவில்லை என்றால் தாய்மாமன் மாலை யார் போடுவது என்று என்னிடம் ஃபோனில் கேட்டாய், நான் பார்க்கலாம் என்று இழுத்தேன். நம் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டால்தான் மாப்பிள்ளை மணவறைக்குப் போக முடியும். அந்தத் தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டியது மாப்பிள்ளையின் அப்பன். ஃபோனில் அனுப்புகிற படத்துக்கு எந்தத் தாய்மாமனும் வர மாட்டான், வரவும் கூடாது. அம்மா மூன்று வாரமாகத் தாம்பாளத்தைத் துலக்கி வைத்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். “நீங்க போனாத்தான் அவன் வருவான்.” நான் வேலை இருக்கிறது என்றேன். முட்டி வலி என்றேன். உன் புத்தகத்தை முடித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், பரணில் ஏறினேன்.

கப்பல் அப்படியே இருந்தது. கொசுவலைப் பாய் மட்டும் மஞ்சளாகியிருந்தது. தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை, அம்மா மடியில். கப்பல், துண்டில் சுற்றி என் மடியில். ஆட்டோவில் அம்மா அதைப் பார்த்தாள். தன் தம்பி செதுக்கியது என்று புரிந்துகொண்டாள். மாமா வீட்டு வாசலில் இறங்கும்போது, “இத்தன வருசமும் வீட்டுலயா இருந்துச்சு?” என்றாள். “கிட்டங்கியில” என்றேன். அவள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உன் மாமாவுக்கு முடி நரைத்துவிட்டது. தருவைகுளத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற கம்பெனியில் வேலை, கையெல்லாம் வெடிப்பு. “வாங்கத்தான். வாக்கா” என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காராமல் துண்டைப் பிரித்துக் கப்பலை நீட்டினேன். அவன் வாங்கிப் பார்த்தான். “பயல்ட்ட இது போகவே இல்லையா?” என்று கேட்டான். இல்லை என்றேன். டி.வி. பக்கத்தில் உன் புத்தகம் இருந்தது, கூரியரில் கூட வந்த இன்னொரு பிரதியை அம்மா கொடுத்திருக்கிறாள். அதை எடுத்துச் சமர்ப்பணப் பக்கத்தைத் திறந்து, எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தான். “‘சொல்லாமல் போன’ன்னு போட்டிருக்கான். எந்தப் பாவத்துக்கு இப்பிடி எழுதுதான்னு நாலு நாளா யோசிக்கேன். நான் சொல்லத்தான வந்தேன் அத்தான்.”

“வந்த. நான்தான் சொல்ல விடல. அந்தத் தேதிய எழுதுனதும் நான்தான்” என்றேன். அம்மா அங்கேதான் நின்றாள், அவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். “அது தெரியும்” என்றான். கப்பலை டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டு, “ஒரு ஷட்டரத் தூக்க பதினாறு வருசமா அத்தான்?” என்றான். சிரிப்பு இல்லாமல் கேட்டான். நான் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிறகு அவன் எழுந்து டி.வி.க்கு மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். அதே பைன் பலகை, அதே கொசுவலை. வஸ்தோக்கைவிடக் குட்டை, வயிறு பருத்தது. “மீர்னி. இது ஒங்களுக்குச் செஞ்சது. அன்னைக்கே பையில இருந்துச்சு. எடுக்கதுக்குள்ள நீங்க சாத்திட்டிய” என்றான். நான் அதை வாங்கவில்லை. அவனே என் மடியில் வைத்தான். “நான் ஒண்ணுதான் செய்யுததா இருந்தேன். பயல்தான், நான் வேலைய விட்டு நின்ன அன்னைக்கு என் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு மீர்னி செய்யுங்க மாமான்னான். எதுக்குலன்னேன். வஸ்தோக் ஒழுவும், மீர்னி முங்காது, அப்பா முங்க மாட்டாங்கன்னான்.”

நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், பதினோரு வயது. அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, இதையும் நீ அவனிடம்தானே சொன்னாய், என்னிடம் சொல்லவில்லையே என்று ஒரு நிமிஷம் பொறாமையும் பட்டேன். அதையும் அவனிடமே சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவன் சிரித்தான். தாம்பாளத்தை அம்மாவும் நானும் சேர்ந்து பிடித்து நீட்டினோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஆகவே அவன் வருகிறான், மாலை போடுகிறான். நீ இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் முதலில் அவனுக்கு ஃபோன் செய். என்னைத் திட்ட வேண்டியதைப் பிறகு திட்டலாம், நான் கடையில்தான் இருப்பேன். புத்தகம் அடுத்த பதிப்பு வந்தால் அந்தச் சமர்ப்பணத்தில் ‘சொல்லாமல் போன’ என்பதை எடுத்துவிடு. அந்த இடத்தில் என் பெயரைப் போடு என்று கேட்கவில்லை. தண்ணீர் பற்றி எழுதுகிற இடத்தில் மட்டும் ஒரு சந்தேகம் இருந்தால் கேள், மரப் பீப்பாயில் எத்தனை நாளில் பாசி பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வஸ்தோக்கை அவன் என்னிடமே கொடுத்தனுப்பியிருக்கிறான், நான்தான் உன்னிடம் சேர்க்க வேண்டுமாம். கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு கப்பலும் நிற்கின்றன, நம் மளிகைக்காரர் காலண்டருக்குக் கீழே. வந்து உன்னுடையதை எடுத்துக்கொண்டு போ. மற்றதைக் கேட்காதே, மாமா கேட்டாலும் கிடையாது.

மீர்னியை யாருக்கும் தராத,
உன் அப்பா